ஹீலியம் நிறுத்திய கடிகாரம்: மோரிஸ் மருத்துவமனைக் கைப்பேசிச் செயலிழப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபரில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள மோரிஸ் மருத்துவமனையில் புதிய எம்ஆர்ஐ கருவி ஒன்றை நிறுவிக்கொண்டிருந்தபோது, அங்குப் பணியில் இருந்தவர்களின் கைப்பேசிகளும் கைக்கடிகாரங்களும் அடுத்தடுத்துச் செயலிழந்தன. ஏறத்தாழ 40 பேரின் கருவிகள் பாதிக்கப்பட்டன. திரை இருண்டது, மின்னேற்றியில் இணைத்தாலும் எந்த அசைவும் இல்லை. மருத்துவமனையின் கணினிப் பிரிவினருக்கு முதலில் எழுந்த ஐயம் இயல்பானதே: எம்ஆர்ஐ கருவியைச் சோதிக்கும்போது வலிமையான மின்காந்தத் துடிப்பு ஒன்று வெளிப்பட்டு, அது மின்னணுக் கருவிகளைச் சுட்டுவிட்டிருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

அந்த ஐயத்தை உடைத்தது பாதிப்பின் வடிவம். செயலிழந்தவை அனைத்தும் ஆப்பிள் நிறுவனத்தின் தயாரிப்புகள். அவற்றிலும் ஐபோன் 6-உம் அதற்குப் பிந்தியவையும், ஆப்பிள் கைக்கடிகாரங்களும் மட்டுமே வீழ்ந்தன. அதே அறைகளில், அதே மேசைகளில் இருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், கணினிகள், மருத்துவக் கருவிகள் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மின்காந்தத் துடிப்பு கருவியின் தயாரிப்பாளரைப் பார்த்துத் தாக்குவதில்லை. நீண்ட கம்பிகளோடு இணைந்த கருவிகளையே அது முதலில் கெடுத்திருக்க வேண்டும். மேலும், பாதிக்கப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை சில நாட்களில் தாமாகவே உயிர்பெற்றன. சுட்டுப்போன மின்சுற்று அப்படி மீள்வதில்லை. ஆகவே, குறிப்பிட்ட ஒரு தலைமுறைக் கருவிகளில் மட்டும் இருக்கும் ஏதோ ஓர் உறுப்பு, மீளக்கூடிய வகையில், தற்காலிகமாக முடங்கியிருக்கிறது என்ற முடிவுக்கே வர வேண்டியிருந்தது. இந்த முதற்கட்ட விலக்கல் முறை எனக்கு மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. எது கெட்டது என்பதோடு எது கெடவில்லை என்பதையும் கேட்டவர்களால்தான் இந்த நிகழ்வு மர்மமாகவே நின்றுவிடாமல் ஒரு பாடமாக நமக்குக் கிடைத்தது.

எம்ஆர்ஐ கருவியின் காந்தம், நியோபியம்–டைட்டானியம் கம்பியால் சுற்றப்பட்ட மீக்கடத்திச் சுருள், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் சுருள். அது வேலை செய்ய வேண்டுமானால் ஏறத்தாழ கழித்தல் 269 டிகிரி செல்சியசில், திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். நிறுவும் பணியின்போது சுமார் 120 லிட்டர் திரவ ஹீலியம் ஐந்து மணி நேரத்தில் ஆவியாகி வெளியேறியது என்பதும், கட்டடத்திற்கு வெளியே போக வேண்டிய வாயுவில் ஒரு பகுதி கசிந்து உள்ளே பரவியது என்பதும் பின்னர் தெரியவந்தன. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 750 லிட்டர் வாயுவாக விரியும். அப்படியானால் வெளியேறியது சுமார் 90,000 லிட்டர், அதாவது 90 கன மீட்டர் வாயு.

மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் இதை ஊகத்தோடு விட்டுவிடவில்லை. ஓர் ஐபோன் 8 பிளஸை மூடிய பைக்குள் வைத்து, பையை ஹீலியத்தால் நிரப்பி, நடப்பதைக் காணொளியாகப் பதிவு செய்தார். எட்டு நிமிடங்கள் வரை கைப்பேசி வழக்கம்போல் இயங்கியது. அதன்பின் சிறிது நேரத்தில் அது உறைந்து நின்றது. வெப்பமில்லை, அழுத்தமில்லை, காந்தப்புலமில்லை. எந்த வேதிவினையிலும் எளிதில் ஈடுபடாத, மணமும் நிறமும் அற்ற ஒரு வாயு மட்டுமே அதைச் சூழ்ந்திருந்தது. பழுதுநீக்கத் துறையில் அறியப்பட்ட ஐஃபிக்ஸிட் நிறுவனம் இந்த நிகழ்வை ஆராய்ந்து, பழியை ஒரே ஓர் உறுப்பின் மீது வைத்தது: சைடைம் நிறுவனம் தயாரித்த, மெம்ஸ் வகையைச் சேர்ந்த (சிலிக்கானில் செதுக்கிய நுண் இயந்திர உறுப்பைக் கொண்ட) நுண் அலையியற்றி, அதாவது சீரான துடிப்பைத் தரும் கடிகார உறுப்பு.

நின்றுபோன உறுப்பு

ஒவ்வொரு கைப்பேசியிலும் வினாடிக்கு 32,768 முறை துடிக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டை பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. ஆகவே பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு வினாடி கிடைத்துவிடும். கைப்பேசி உறங்கும்போதும் ஓய்வதில்லை இந்தக் கடிகாரம். எப்போது விழிப்பது, மின்வழங்கலை எந்த வரிசையில் திறப்பது, வானொலிப் பகுதி கோபுரத்தின் அழைப்பைக் கேட்க எந்தக் கணத்தில் கண் திறப்பது என்பனவெல்லாம் இதைச் சார்ந்தே நடக்கின்றன. இது நின்றால், நல்ல நிலையில் இருக்கும் செயலியும் மின்கலமும் திரையும் இருந்தும் கைப்பேசி எழ முடியாது.

பல பத்தாண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவந்தது, இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட குவார்ட்ஸ் படிகம். காற்றை வெளியேற்றிய பீங்கான் கூட்டுக்குள் உலோக மூடியிட்டு அது அடைக்கப்பட்டிருக்கும். அதற்கு மாற்றாகச் சிலிக்கானிலேயே அதிரும் ஓர் உறுப்பைச் செதுக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. 1967-இல் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் நாதன்சனும் அவருடன் பணியாற்றியவர்களும், தங்கத்தாலான நுண் நெம்புகோல் ஒன்று டிரான்சிஸ்டரின் வாயில் முனையாக (கேட்) அமைந்து அதிரும் கருவியை வெளியிட்டனர். 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சீப்பு வடிவ மின்முனைகளால் இயக்கப்படும் சிலிக்கான் அதிர்விகள் உருவாயின. ஆயினும் அவை கடைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதிர வைப்பது எப்போதும் இயலுமாயிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே வேகத்தில் அதிர வைப்பதுதான் இயலவில்லை. மூடிய கூட்டுக்குள் எஞ்சிய ஈரப்பதமும் படிந்த மாசும், அந்த நுண் உறுப்பின் எடையை மாற்றி அதிர்வெண்ணை நகர்த்திவிடும்.

பாஷ் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து கண்ட விடை நேர்த்தியானது. அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலில் சிலிக்கான் தகட்டில் அதிர்வியைச் செதுக்குகிறார்கள். அதன் மேல் சிலிக்கான் ஆக்சைடைப் படியவைத்து, அதன்மீது மெல்லிய சிலிக்கான் மூடி ஒன்றை வளர்க்கிறார்கள். மூடியில் நுண்துளைகளைத் திறந்து, அவற்றின் வழியே ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆவியைச் செலுத்தினால், அது ஆக்சைடை மட்டும் கரைத்து அகற்றிவிடும். அதிர்வி விடுபட்டுத் தொங்கும். பிறகு ஆயிரம் டிகிரியைக் கடந்த வெப்பத்தில் மீண்டும் சிலிக்கானை வளர்த்துத் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். அந்த வெப்பத்தில் ஈரமோ கரிமப் படிவோ எஞ்ச வழியில்லை. முடிவில் கிடைப்பது, தடித்த சிலிக்கானுக்குள் புதைந்த, மிகத் தூய வெற்றிடம் கொண்ட ஒரு நுண்ணறை. இதன்பின் அந்தச் சில்லைச் சாதாரணப் பிளாஸ்டிக் உறையில் இடலாம். பீங்கான் கூடு தேவையில்லை. இந்த முறையை வணிகத்திற்குக் கொண்டுவர பாஷ் ஆய்வாளர்களாக இருந்த மார்கஸ் லட்ஸும் ஆரன் பார்ட்ரிட்ஜும் தொடங்கியதே சைடைம் நிறுவனம்.

அதன் விளைவாக 1.5 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, ஏறத்தாழ ஒரு மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தில் இயங்கும் கடிகாரம் கிடைத்தது. கைக்கடிகாரத்துக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சண்டை போடும் வடிவமைப்பாளர் அதைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அது தவறான தேர்வு என்றும் நான் கருதவில்லை.

வெற்றிடம் என்ன செய்கிறது

அதிர்வி வெற்றிடத்தில் இருப்பதற்குக் காரணம் தூய்மை மட்டுமன்று. ஒரு முறை தள்ளிவிட்ட ஊஞ்சல் எத்தனை தடவை ஆடி ஓய்கிறதோ, அதைப்போல ஓர் அதிர்வி தன் ஆற்றலை எவ்வளவு மெதுவாக இழக்கிறது என்பதைத் தரக்காரணி என்ற எண்ணால் குறிப்பர். வெற்றிடத்தில் அது பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இழக்கப்படும் சொற்ப ஆற்றலை மட்டும் ஈடுசெய்யும் அளவுக்குப் பெருக்கிச் சுற்று வடிவமைக்கப்பட்டிருக்கும். ஒரு மைக்ரோஆம்பியரில் முழுக் கருவியும் இயங்க வேண்டுமானால் அதற்குமேல் கொடுக்கவும் முடியாது. அறைக்குள் வாயு அணுக்கள் புகுந்தால் அவை அதிர்வியின் பரப்பில் மோதி ஆற்றலைப் பறிக்கும். தாழ்ந்த அழுத்தத்தில் இந்த இழப்பு அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். ஓர் எல்லைக்குமேல் பெருக்கியால் ஈடுகொடுக்க முடியாமல் போகும். அப்போது கடிகாரம் பிழையாக ஓடுவதில்லை, முற்றாக நின்றுவிடுகிறது.

அடைத்த அறைக்குள் ஹீலியம் எப்படிப் புகுந்தது? படிகச் சிலிக்கான் அறை வெப்பநிலையில் ஹீலியத்திற்கு வழிவிடுவதில்லை என்றே நடைமுறையில் கொள்ளலாம். ஆனால் அதிர்விக்கு மின்தொடர்பு வேண்டும். மூடியின் ஊடே செல்லும் மின்தொடர்புத் தூண்களைச் சுற்றிலும், அவை சுற்றியுள்ள சிலிக்கானோடு மின்வழி இணைந்துவிடாதபடி, காப்பாக ஆக்சைடு விடப்படுகிறது. சிலிக்கான் ஆக்சைடு என்பது கண்ணாடியின் உறவு. அதன் அணுவலையில் திறந்த வளையங்கள் உண்டு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த வளையங்களைக் கடக்க முடியாத அளவுக்குப் பெரியவை. ஏறத்தாழ 0.26 நானோமீட்டர் விட்டமுள்ள ஹீலியம் அணு அவற்றை எளிதில் கடந்துவிடும். கண்ணாடியின் இந்த இயல்பு நெடுங்காலமாகவே அறியப்பட்டதுதான்: ஒளிமின் பெருக்கிக் குழாய்களை ஹீலியம் உள்ள அறையில் வைத்தால் அவை கெடுவதும், ரூபிடியம் அணுக்கடிகாரங்களின் கண்ணாடிக் குப்பிக்குள் வளிமண்டல ஹீலியம் புகுந்து அதிர்வெண்ணை மெல்ல நகர்த்துவதும் அத்துறையினர் அறிந்தவை. மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் நடப்பது, மைக்ரோமீட்டர் அளவுள்ள ஆக்சைடு வளையத்தில் நிமிடக்கணக்கில் நடக்கிறது. நிரப்ப வேண்டிய அறையும் அதற்கேற்பச் சிறியது.

ஊடுருவலைத் தீர்மானிப்பது மொத்த அழுத்தமன்று. அந்தந்த வாயுவின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு ஹீலியம் இருக்கிறது. அதன் பகுதி அழுத்தம் ஏறத்தாழ அரை பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). இத்தகைய எந்த நுண்ணறையும் காலப்போக்கில் அந்த அரை பாஸ்கலை எட்டியே தீரும். கருவி அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஹீலியம் நிரம்பிய பையிலோ வெளி அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கல், அதாவது இயல்பைவிட இரண்டு லட்சம் மடங்கு.

இங்கே ஒரு தோராயக் கணக்கு நிகழ்வின் பல கூறுகளை ஒருங்கே விளக்குகிறது. தொடக்கத்தில் உள்ளே சேரும் ஹீலியத்தின் அளவு, வெளிச் செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தூய ஹீலியத்தில் 8 நிமிடம் போதுமானதாக இருந்தது. ஐந்து மணி நேரம், அதாவது 300 நிமிடம் கசிவு நீடித்தால், அதே அளவு சேர்வதற்குச் சராசரியாக 2.7 விழுக்காடு ஹீலியம் போதும். அந்த அளவு கலந்த காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 20.3-க்குத்தான் குறையும். ஆக்சிஜன் பற்றாக்குறை என்று அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் கொள்ளும் எல்லை 19.5 விழுக்காடு. எச்சரிக்கை மணி ஒலிக்காது. யாருக்கும் தலை சுற்றாது. மனிதருக்கு எவ்விதத் தீங்கும் இல்லாத, அவர்களால் உணரவும் முடியாத செறிவு, சட்டைப் பையில் இருந்த கடிகாரத்தை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. இட அளவும் ஒத்துப்போகிறது: 90 கன மீட்டர் வாயு முழுவதும் உள்ளேயே தங்கியிருந்தால், 3,000 கன மீட்டர் கொள்ளளவில் மூன்று விழுக்காட்டை அது எட்டியிருக்கும். உண்மையில் அதில் ஒரு பகுதியே உள்ளே வந்தது. ஆயினும் காற்றோட்டக் குழாய்கள் அதை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பகிர்வதில்லை என்பதால், சில இடங்களில் இந்தச் செறிவு எளிதாகவே உண்டாகியிருக்கும்.

கெடுவதற்கு நிமிடங்களும் மீள்வதற்கு நாட்களும் ஏன் என்ற கேள்விக்கும் இதே கணக்கில் விடை உண்டு. அளந்த மதிப்பாக அன்றி விளக்கத்திற்காக, உள் அழுத்தம் 100 பாஸ்கலை எட்டும்போது கடிகாரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூய ஹீலியத்தில் அது வெளி அழுத்தத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 8 நிமிடத்தில் அது நிரம்புகிறதென்றால், ஊடுருவலின் கால மாறிலி, அதாவது உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் நெருங்கும் வேகத்தைக் குறிக்கும் கால அளவு, 8,000 நிமிடம், ஏறக்குறைய ஐந்தரை நாள். இப்போது, தேவையைவிட மூன்று மடங்கு ஹீலியம் புகுந்த ஒரு கைப்பேசியைத் தூய காற்றில் வைத்தால், உள் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். புகும்போது பேரழுத்தம் தள்ளுகிறது. வெளியேறும்போது தள்ளுவது உள்ளே சிக்கிய சில நூறு பாஸ்கல் மட்டுமே. கதவு ஒன்றே, அதன் அகலமும் ஒன்றே. ஆப்பிள் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொன்ன வழியும் இதனோடு இசைகிறது: மின்னேற்றியில் இணைக்காமல் ஏறத்தாழ ஒரு வாரம் காற்றாட வைத்து, மின்கலம் முழுவதும் தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றித் தொடங்க வேண்டும்.

எங்கே தவறியது

ஆவியாகும் ஹீலியம் போன்ற திரவ வாயுக்களின் அருகே ஐபோனை வைத்தால் அதன் செயல்பாடு கெடலாம் என்ற எச்சரிக்கை பயனர் கையேட்டில் இருந்தது. ஆகவே அறிவு இல்லாமல் போகவில்லை. உறுப்பைத் தயாரித்தவருக்கும் கைப்பேசியைத் தயாரித்தவருக்கும் தெரிந்த ஒன்று, எம்ஆர்ஐ நிறுவுவோருக்கும் மருத்துவமனைக்கும் எட்டவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களுள் ஒரு வாக்கியமாக இடம்பெற்ற எச்சரிக்கையை எச்சரிக்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையில் கைப்பேசி இன்று செவிலியரையும் மருத்துவரையும் இணைக்கும் கருவி. 40 பேர் ஒரே நேரத்தில் தொடர்பற்றுப் போவது வெறும் வசதிக்குறைவன்று.

ஆனால் நுண்கருவிப் பொறியாளருக்கு இதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. அடைப்பு என்பதை இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டாக மட்டும் பார்க்கும் பழக்கம் பெரிய மின்னணுக் கூடுகளின் காலத்திலிருந்து வந்தது. அக்கூடுகளின் கசிவைச் சோதிக்க நாம் பயன்படுத்துவதும் ஹீலியத்தையே: கூட்டை ஹீலிய அழுத்தத்தில் வைத்து எடுத்து, பின்னர் அதிலிருந்து எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். வினாடிக்கு ஒரு கன சென்டிமீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கடுமையானது என்றே சொல்வோம். அந்தக் கசிவு, ஒரு கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள கூட்டை நிரப்ப முப்பது ஆண்டுக்கும் மேல் ஆகும். அதே கசிவு ஒரு நானோலிட்டர் அறைக்குள் வினாடிக்கு 100 பாஸ்கல் வீதம் அழுத்தத்தை உயர்த்திவிடும். அதாவது, சோதனையில் தேறிய கூடு ஒரே வினாடியில் பயனற்றுப்போகலாம். அதனால் நுண்ணறைகளின் அடைப்பை வெளியிலிருந்து அளப்பதில் பயனில்லை. உள்ளே இருக்கும் அதிர்வியின் தரக்காரணியையே அழுத்தமானியாகக் கொண்டு, நாட்கணக்கில் பின்தொடர வேண்டும். எந்த வாயு என்பதையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்: நைட்ரஜனுக்கு முழு அடைப்பாக இருப்பது ஹீலியத்திற்குத் திறந்த சன்னலாக இருக்கக்கூடும்.

இந்தப் பாதிப்பு கடிகாரங்களோடு நிற்பதுமில்லை. சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப்புகளின் அதிர்விகளும் தாழ்ந்த அழுத்தத்தில்தான் அடைக்கப்படுகின்றன. தனி அழுத்தத்தை அளக்கும் உணரிகள் ஒப்பீட்டுக்காக ஒரு வெற்றிட அறையை வைத்திருக்கின்றன. அதற்குள் ஹீலியம் புகுந்தால் அவை நிற்பதில்லை, குறைவான அழுத்தத்தைக் காட்டுகின்றன. நின்றுபோன கடிகாரத்தைவிட இது ஆபத்தானது, ஏனெனில் பிழை இருப்பதே தெரியாது. முடுக்கமானிகளின் நிலை வேறு: தேவையற்ற அதிர்வை அடக்குவதற்காகவே அவற்றின் அறைக்குள் வாயு விடப்படுவதால், சிறிதளவு ஹீலியம் கூடினாலும் அவை பெரும்பாலும் கலங்குவதில்லை.

தீர்வுகள் இரு தளங்களில் இருக்கின்றன. உறுப்பின் தளத்தில், ஹீலியம் செல்லும் ஆக்சைடுப் பாதையை உலோகப் படலத்தாலோ அடர்த்தியான சிலிக்கான் நைட்ரைடாலோ குறுக்கிட வேண்டும். உலோகங்கள் ஹீலியத்தை நடைமுறையில் முழுமையாகவே தடுக்கின்றன. சுற்றின் தளத்தில் செய்யக்கூடியது இன்னும் எளிது. மின்வழங்கலை நிர்வகிக்கும் சில்லுக்குள், மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட துல்லியம் குறைந்த அலையியற்றி ஒன்றை மாற்றாக வைத்து, முதன்மைக் கடிகாரம் நின்றால் அதற்கு மாறும்படி செய்யலாம். அந்தக் கடிகாரம் நாளொன்றுக்குப் பல நிமிடம் பிழையாக ஓடும். கோபுரத்தோடு ஒத்திசையவும் இயலாமல் போகலாம். ஆயினும் கைப்பேசி எழுந்து, கடிகார உறுப்பு இயங்கவில்லை என்று திரையில் ஒரு வரி காட்டும். மோரிஸ் மருத்துவமனையில் அந்த ஒரு வரி தெரிந்திருந்தால், மின்காந்தத் துடிப்பைத் தேடி யாரும் அலைந்திருக்க மாட்டார்கள். கசிவை அன்றைக்கே தேடத் தொடங்கியிருப்பார்கள்.